வேதாளர் வந்த கதை – 4: ஜிம்மியைக் கைவிட்ட நாள்

சென்ற வாரம் லீ ஃபாக்கை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? நினைவிருக்கிறதா?

அவர் எழுதிய மந்திரவாதி மாண்ட்ரேக் ஓகோவென்று ஓடிக்கொண்டிருந்தான். கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் இன்னொரு நாயகனைக் கேட்டது. ஆர்தர் மன்னரின் கதையை ஆசை ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார் ஃபாக். வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அடுத்து அவர் கொண்டுபோனது ஒரு முகமூடிக்காரனை.

அந்த முகமூடிக்குள் யார்? அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

பதிலுக்குப் போகும் வழியில் அந்தக் காலத்துத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவோம். பெட்டிக்கடை வாசலில் குறுக்கே ஒரு சணல் கயிறு. துணி கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கும் பத்திரிகைகள். ஓரத்தில் ராணி காமிக்ஸ். அட்டையில் முகமூடி வீரர் மாயாவி. வேதாளர் என்று படித்தவர்களுக்கும் மாயாவி என்று படித்தவர்களுக்கும் ஆள் ஒருவர்தான்.

எங்கள் வகுப்பில் ஒருவனுடைய அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறை. அங்கே கிடந்த பித்தளைத் துண்டை அரத்தால் ராவி ராவி அவன் ஒரு மோதிரம் செய்தான். ஆணி போகிற இரண்டு ஓட்டைகள் மண்டை ஓட்டின் கண்கள். முன்கையில் வைத்து அழுத்துவான். சிவப்பாகக் குறி விழும். மத்தியான மணி அடிப்பதற்குள் மறைந்துவிடும். மாயாவி தாடையில் குத்தினால் அந்தக் குறி ஆயுசுக்கும் அழியாதே! எங்களுக்கு அதில் பெரிய வருத்தம்.

காடு? சமவெளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த காடு சிறுமலைதான். அதையும் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. மழை நாளில் மேகம் இறங்கி மலையின் மடிப்புகளை மூடிக்கொள்ளும். மாயாவியின் மண்டை ஓட்டுக் குகை அந்த மடிப்புக்குள்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்வோம். ஒருவனும் போய்ப் பார்த்ததில்லை.

ஃபாக்கும் அப்படித்தான்.

உலகத்தையே சுற்றி வந்தவன் என்று நியூயார்க் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் செயின்ட் லூயிஸிலிருந்து நியூயார்க்குக்கு வந்ததுதான் அவருடைய பெரிய பயணம். வயது இருபத்து நான்கு. தலைக்குள் இருந்ததெல்லாம் படித்த கதைகள். ஆர்தர் மன்னர், டார்ஜான், கிப்ளிங்கின் காட்டுப் பிள்ளை மௌக்ளி.

1936 பிப்ரவரி 17. முதல் நாள் படங்கள் வெளிவந்தன. எழுதியது ஃபாக், வரைந்தது ரே மூர். வரும்போதே குத்துச்சண்டை போட்டுக்கொண்டு வந்தாள் நாயகி டயானா. அவளையே சுற்றிச் சுற்றி வந்தான் ஜிம்மி வெல்ஸ். பணக்கார வீட்டுப் பிள்ளை, வேலைவெட்டி இல்லாதவன். டயானா மேல் கொள்ளை ஆசை.

ஃபாக் போட்டிருந்த கணக்கு சுலபமானது. பகலில் ஜிம்மி. இரவில் முகமூடி. தக்க சமயத்தில் முகமூடியைக் கழற்ற வேண்டியது, டயானா வாயடைத்து நிற்க வேண்டியது.

கதை நகர்ந்தது. கப்பல் வந்தது. கொள்ளையர் வந்தார்கள். முகமூடிக்காரன் வந்து அவளைக் காப்பாற்றினான்.

இப்போது ஃபாக்கின் மேஜைக்கு வாருங்கள். இந்த இடம்தான் முக்கியம்.

ஜிம்மியைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கட்டம் நெருங்குகிறது. வாசகர் பாதி ஊகித்துவிட்டார். ஆனால் எழுதுகிறவருக்கே அந்த முடிவு பிடிக்கவில்லை. பகலில் சோம்பேறிப் பணக்காரன், இரவில் சூரன் – ஜோரோ அப்படித்தான், இன்னும் பலரும் அப்படித்தான். நாமும் அதே பானையில்தான் சமைக்க வேண்டுமா?

நாவலாக இருந்தால் முதல் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். இது தினசரித் தொடர். அச்சாகிப் போனது போனதுதான். நாளைக்குப் படம் வேண்டும். நாளன்றைக்கும் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை உங்களைச் சந்திக்கிற எனக்கே இந்தக் கட்டம் வயிற்றைக் கலக்குகிறது. அவருக்கோ தினமும்!

ஃபாக் என்ன செய்தார்?

ஜிம்மியை அப்படியே விட்டுவிட்டார்.

கொல்லவில்லை. ஊருக்கு அனுப்பவில்லை. விளக்கம்கூட எழுதவில்லை. முகமூடி கழலவே இல்லை. முகமூடிக்காரனைக் கையைப் பிடித்துக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

காட்டுக்குள் போனதும் கதைக்கு வயது கூடியது. நானூறு ஆண்டுக்கு முன் கொள்ளையர் தாக்கிய ஒரு கப்பல். தப்பிக் கரை ஒதுங்கியவன் ஒரே ஒருவன். தன் தந்தையைக் கொன்றவனின் மண்டை ஓட்டின் மேல் அவன் செய்த சத்தியம்: கொடுமையை எதிர்த்தே வாழ்வேன், என் வம்சமும் அப்படியே வாழும். அப்பன் இறந்தால் மகன் முகமூடி அணிவான். வெளியுலகத்துக்குத் தெரிவது ஒரே முகமூடி. அதனால் இவனுக்குச் சாவே இல்லை என்று காடு முழுக்கப் பேச்சு. நாம் படிக்கிற மாயாவி அந்த வரிசையில் இருபத்தொன்றாமவர்.

பகல் வேஷமே இல்லாத நாயகன்! பேட்மேன் வருவதற்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அவன் பகலில் பணக்காரன், இரவில் முகமூடி. ஃபாக் வேண்டாமென்று ஒதுக்கிய அதே கணக்கு. ஜிம்மியைப் பிடித்துத் தொங்கியிருந்தால் வேதாளர் நியூயார்க் மாடிகளில் தாவிக்கொண்டிருந்திருப்பார். பூட்டுப் பட்டறையில் அந்த மோதிரம் பிறந்திருக்காது என்றே நினைக்கிறேன். மாடி எங்களுக்கு எதற்கு? சிறுமலை போதும்.

சரி, எந்த நாட்டுக் காடு?

பின்னாளில் அதை ஆப்பிரிக்காவுக்கு நகர்த்தினார்கள். ஆரம்பத்தில் அது ஆசியப் பக்கம்தான், கிட்டத்தட்ட நம் வாசலில். காட்டில் வாழும் குள்ள மனிதர்களுக்கு ‘பந்தர்’ என்று பெயர். கிப்ளிங்கின் குரங்குக் கூட்டத்திடமிருந்து ஃபாக் எடுத்துக்கொண்ட இந்திச் சொல் அது. நாட்டின் பெயர் ‘பெங்காலி’. கொள்ளைக் கூட்டத்தின் பெயரோ…

‘சிங்’ கூட்டம்!

அமெரிக்க வாசகருக்கு அது தூரதேசத்துப் பெயர். அதோடு சரி.

ஆனால் 1964 மார்ச்சில், டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்திலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் முளைத்தது. முதல் இதழே வேதாளர். அடுத்த இதழும் வேதாளர். முப்பத்திரண்டு இதழ்கள்வரை வேறு ஆளுக்கு இடமே இல்லை.

வங்காளிகளும் வாசகர்கள். சிங்குகளும் வாசகர்கள். பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தருகிற அப்பா பக்கத்தைப் புரட்டுகிறார். கத்தியைக் கடித்தபடி கப்பலில் ஏறுகிற கொள்ளையனுக்கு அவருடைய பெயரே இருக்கிறது!

ஓடுகிற கதையை நிறுத்த முடியாது. பெயரை விட்டுவைக்கவும் முடியாது. அந்தப் பக்கங்களைக் கையில் வைத்திருந்த மும்பைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படத்தில் கை வைக்கவில்லை. கதையில் கை வைக்கவில்லை. ஒன்றிரண்டு எழுத்தில் மட்டும் கை வைத்தார்கள்.

எந்த எழுத்தில்?

(அடுத்த வாரம்)