2009–10 ஆடவர் பயாத்லான் கூட்டுத் தொடக்கப் பருவம்

பயாத்லான் என்பது பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் இணைந்த குளிர்கால விளையாட்டு ஆகும். அதன் போட்டி வகைகளுள் ஒன்று கூட்டுத் தொடக்கம். இவ்வகையில் 2009–10 பருவத்தின் முதன்மையான போட்டி 2010 பிப்ரவரி 21 அன்று கனடாவின் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் நடைபெற்றது. ஓட்டம் சுமார் 35 நிமிடங்களில் முடிந்துவிட்டது. அதன் இறுதி முடிவு உறுதியாக 15 ஆண்டுகள் ஆயின.

போட்டி முறை

பயாத்லான் 1960 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. தொடக்கத்தில் இருந்த தனியர் போட்டியில் வீரர்கள் குறிப்பிட்ட இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராகப் புறப்படுவர். கடிகாரம் காட்டும் நேரமே வெற்றியாளரைத் தீர்மானிக்கும். கூட்டுத் தொடக்கத்தில் 30 வீரர்கள் ஒரே நேரத்தில் புறப்படுவர். எல்லைக் கோட்டை முதலில் தொடுபவரே வெற்றியாளர். இவ்வகை 1990-களின் இறுதியில் உலகக் கோப்பைத் தொடரிலும், 2006 டூரின் போட்டிகளில் ஒலிம்பிக்கிலும் சேர்க்கப்பட்டது. டூரினில் ஜெர்மனியின் மிக்காயேல் கிரைஸ் தங்கம் வென்றார்.

ஆடவருக்கான தொலைவு 15 கி.மீ. இடையில் நான்கு முறை நின்று சுட வேண்டும்: முதல் இருமுறை படுத்த நிலையில், பின் இருமுறை நின்ற நிலையில். ஒவ்வொரு முறையும் ஐந்து இலக்குகள். தொலைவு 50 மீட்டர். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மி.மீ., நின்று சுடும்போது 115 மி.மீ. தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஒன்றைக் கூடுதலாக ஓட வேண்டும்.

பனியைப் பார்த்திராத நம் வாசகர்களுக்கு இதன் கடினம் உடனே விளங்காது. தேரிக்காட்டுச் செம்மணலில் மூச்சிரைக்க ஓடிவந்த ஒருவர், நின்ற இடத்திலேயே ஊசியில் நூல் கோக்க முயல்வதாக எண்ணிப் பார்க்கலாம். ஓட்டத்துக்கு இதயம் வேகமாகத் துடிக்க வேண்டும். குறி பார்ப்பதற்கோ உடல் அசையாதிருக்க வேண்டும். இந்த முரண்பாடே பயாத்லானின் உயிர்.

வான்கூவர் போட்டி

அந்த ஒலிம்பிக்கின் விரைவோட்டப் போட்டியின்போது நடுவில் பனிமழை பிடித்துக்கொண்டது. முன்னதாகப் புறப்பட்டவர்களுக்குத் தடம் நன்றாக இருந்தது. பின்னால் புறப்பட்ட முன்னணி வீரர்கள் பலர் ஈரப்பனியில் சிக்கினர். முன்வரிசையில் புறப்பட்ட பிரான்சின் வின்சென்ட் ஜே தங்கம் வென்றார். கூட்டுத் தொடக்கத்தில் இச்சிக்கல் இல்லை. எல்லோருக்கும் ஒரே வானிலை, ஒரே தடம். எனவே இதை நேர்மையான போட்டி எனப் பலர் கருதினர்.

ரஷ்யாவின் யெவ்கெனி உஸ்த்யுகோவ் 20 குண்டுகளையும் இலக்கில் செலுத்தி முதலாவதாக வந்தார். பிரான்சின் மார்ட்டின் ஃபூர்காட், அப்போது 21 வயது இளைஞர், சில குண்டுகளைத் தவறவிட்டும் விரைந்து ஓடி சுமார் பத்து நொடி பின்தங்கி வெள்ளி பெற்றார். சுலோவாக்கியாவின் பாவோல் ஹுராய்த் வெண்கலம் பெற்றார். ஆஸ்திரியாவின் கிறிஸ்டோப் சூமான் நான்காவதாக வந்து இப்போட்டியில் பதக்கத்தைத் தவறவிட்டார்.

பருவ முடிவில் கூட்டுத் தொடக்க வகைக்கான உலகக் கோப்பையும் உஸ்த்யுகோவுக்கே கிடைத்தது. அனைத்து வகைகளுக்குமான ஒட்டுமொத்தக் கோப்பையை நார்வேயின் எமில் ஹெக்லே ஸ்வென்சன் வென்றார்.

இந்தியாவிலிருந்து வான்கூவருக்கு மூவர் சென்றனர்: சிவ கேசவன், ஜம்யாங் நம்கியால், தாஷி லுந்துப். இவர்களுள் பயாத்லான் வீரர் எவரும் இல்லை.

முடிவு மாறிய வரலாறு

உஸ்த்யுகோவ் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் தொடரோட்டத் தங்கம் வென்ற ரஷ்ய அணியிலும் இருந்தார். அப்பருவத்துடன் ஓய்வு பெற்றார். 2020-இல் அவர்மீது ஊக்கமருந்து வழக்குகள் எழுந்தன. முதல் வழக்கு சோச்சி காலத்து முடிவுகளைத் தொட்டது. இரண்டாவது வழக்கு வான்கூவர் வரை பின்னோக்கிச் சென்றது.

இரண்டாம் வழக்கின் அடிப்படை உயிரியல் கடவுச்சீட்டு எனப்படும் பதிவு ஆகும். வழக்கமான சோதனை, உடலில் குறிப்பிட்ட மருந்து இருக்கிறதா என்று தேடும். கடவுச்சீட்டு முறை அவ்வாறு தேடுவதில்லை. ஒரே வீரரின் இரத்த அளவுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து குறித்து, அவை இயல்புக்கு மாறாக ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கும். ஹீமோகுளோபின் கூடினால் தசைகளுக்கு ஆக்சிசன் கூடுதலாகச் செல்லும். நெடுந்தொலைவு ஓடுபவருக்கு அது பெரும் நன்மை. தன் உடலில் ஹீமோகுளோபின் பிறப்பிலேயே மிகுதி என்று உஸ்த்யுகோவ் வாதிட்டார். விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. 2020 அக்டோபரில் வெளியான தீர்ப்பு, 2010 ஜனவரி 24 முதல் 2013–14 பருவ இறுதி வரையிலான அவரது முடிவுகளை நீக்கியது. அவரது மேல்முறையீடு 2024-இல் தள்ளுபடி ஆனது. பின்னர் சுவிட்சர்லாந்து கூட்டாட்சி நீதிமன்றத்திலும் அவருக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைக்கவில்லை.

இதையடுத்து 2025-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு பதக்கங்களை மாற்றி அறிவித்தது. ஃபூர்காட் தங்கமும், ஹுராய்த் வெள்ளியும், சூமான் வெண்கலமும் பெற்றனர். சோச்சி தொடரோட்டத் தங்கம் ஜெர்மனி அணிக்குச் சென்றது.

மதிப்பீடு

ஃபூர்காட் இதற்கிடையே 2012 முதல் 2018 வரை தொடர்ந்து ஏழு முறை ஒட்டுமொத்த உலகக் கோப்பையை வென்று, ஐந்து ஒலிம்பிக் தங்கங்களுடன் 2020-இல் ஓய்வு பெற்றிருந்தார். ஆறாவது தங்கம் அவருடைய புகழைப் பெரிதாகக் கூட்டவில்லை. சூமானின் நிலை வேறு. அவர் தனியாளாக மேடை ஏறவேண்டிய நாளில் ஏறாமல் திரும்பியவர். மேடை, கொடி, கூடியிருந்த மக்களின் கைதட்டல் ஆகியவற்றை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர இயலாது. எனினும் பதிவேட்டில் பெயர் திருத்தப்படுவது சிறிய செயல் அன்று. பின்னால் வரும் மாணவர் ஒருவர் அப்பட்டியலைப் படிக்கும்போது, அவர் படிப்பது உண்மையாக இருக்க வேண்டும்.

எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்திப் புறப்படச் செய்வதால் மட்டும் போட்டி சமமாகிவிடாது என்பதே இப்பருவம் விட்டுச்சென்ற பாடம். தடமும் வானிலையும் கண்ணுக்குத் தெரிந்தவை. இரத்தத்தில் இருந்த வேறுபாட்டைக் கண்டறிந்து தீர்க்கவே 15 ஆண்டுகள் தேவைப்பட்டன.