மூன்று வண்டிகளும் மூன்று ஸ்பேனர் பெட்டிகளும்



எங்கள் வீட்டுக் கொட்டகையில் மூன்று பழைய வண்டிகள் ஒரே சமயத்தில் பிரித்துப் போடப்பட்டிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1966 புல்லட், 1969 ஜாவா, 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார். "ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடலாமே சார்?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். முடியாதப்பா. சிலிண்டர் போரிங்குக்குப் போனால் மூன்று வாரம். சைலன்சர் முலாம் பூசப் போனால் எப்போது திரும்பும் என்று அந்த முலாம்காரருக்கே தெரியாது. அதுவரை கை சும்மா இருக்குமா? எனக்கு மரை கழன்றுவிட்டது என்பது வீட்டு அம்மாவின் தீர்ப்பு. அந்த மரையைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன்.

மூன்று வண்டிகளிலிருந்தும் சுண்டுவிரல் பருமனுள்ள போல்ட்டுகளைக் கழற்றி ஒரு தட்டில் கொட்டுங்கள். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஒரு வண்டியின் போல்ட்டை இன்னொன்றில் போட்டால் இரண்டு சுற்று சுகமாகப் போகும், மூன்றாவதில் இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் அலுமினிய எஞ்சின் கூட்டின் மரை போய்விடும். அதனால்தான் வண்டிக்கு ஒரு நிறம் வைத்து டப்பாக்கள், ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு. வகுப்பில் நோட்டுகளை வரிசையாக அடுக்கச் சொல்லி உங்களைப் பாடாய்ப்படுத்தியது இப்போது எனக்கே உதவுகிறது.

ஏன் பொருந்துவதில்லை? மான்செஸ்டரில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் இருந்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தது. 1841-இல் அவர்தான் ஓர் அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி, ஓர் அங்குலத்துக்கு இத்தனை மரை என்று கணக்கு. பிரிட்டன் கால் வைத்த இடமெல்லாம், நம் ரயில்வே பட்டறைகள் உட்பட, அது பரவியது. பின்னாளில் சைக்கிள் செய்தவர்கள் தங்களுக்கென்று இன்னும் நெருக்கமான மரை ஒன்றை வைத்துக்கொண்டார்கள். ராயல் என்ஃபீல்ட் சைக்கிளும் செய்த கம்பெனி. 1955-இல் ரெட்டிச் ஊர்க்காரர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியபோது, மோட்டார் சைக்கிளோடு அந்தச் சைக்கிள் மரையும் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. என் புல்லட்டில் 5/16 அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 26 மரை இருக்கிறது.

ஹெரால்டில் அதே 5/16 போல்ட்டுக்கு 24 மரைதான். இரண்டும் ஆங்கிலேயர் வண்டிதானே என்று கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க போல்ட் பிரிட்டிஷ் நட்டில் ஏறாமல் இரு படைகளும் பட்ட பாடு பெரிது. அதனால் 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் கூடிப் பொது மரை ஒன்றை ஒப்புக்கொண்டன. 60 டிகிரி, ஆனால் அளவு அங்குலம்தான். ட்ரையம்ப் ஹெரால்ட் 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தபோது அந்தப் புது மரையோடு வந்தது. 1961 முதல் சென்னையில் அது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆயிற்று. சேஸிஸ் தனி, அதன் மேல் உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இறுக்கிய கார் அது. பிரித்தால் போல்ட்டுகளுக்கு முடிவே இல்லை!

ஜாவாவுக்கு அங்குலமே தெரியாது. செக்கோஸ்லோவாகியாவில் பிறந்தது, மில்லிமீட்டர் வண்டி. 1961 முதல் மைசூரில் ஐடியல் ஜாவா செய்தது. கிக்கரையே மடக்கி கியர் லீவராகப் பயன்படுத்தும் அந்த ஏற்பாடு ஒன்றுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

நாடும் அந்த ஆண்டுகளில்தான் அளவு மாற்றிக்கொண்டிருந்தது. 1956-இல் எடை, அளவைச் சட்டம். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. பிறகு வீசையும் பலமும் போய் கிலோ வந்தது. என் அம்மா கடைசிவரை 25 பைசாவை நாலணா என்றுதான் சொன்னார். மனிதர் நாக்கில் பழைய அளவு தங்கியதுபோல இயந்திரத்தின் மரையிலும் தங்கிவிட்டது. சட்டம் போட்டுத் தொழிற்சாலையின் அச்சுகளை ஒரே நாளில் மாற்றிவிட முடியுமா?

இப்போது சிக்கல் ஸ்பேனரில். ஹெரால்டின் அந்த போல்ட் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. கால் அங்குல விட்வொர்த் நட்டின் அகலம் சுமார் 13.3 மி.மீ. இன்றைய மெக்கானிக் தம்பிகளிடம் இருப்பது 13, 14. முதல் நட்டில் 13 லேசாக ஆடும். இரண்டாவதில் 13 ஏறாது, 14 போட்டால் நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். முன்பு எங்கள் ஊர்ப் பட்டறைப் பெரியவர் ஒருவர் இருட்டிலும் நட்டை விரலால் தடவிப் பார்த்துச் சரியான ஸ்பேனரைக் கேட்பார். அவர் போய்விட்டார். அவர் பிள்ளைகள் பட்டறைப் பக்கம் வரவில்லை.

புல்லட் எஞ்சின் கூட்டில் இரண்டு மரைகள் தேய்ந்தே வந்தன. லேத் பட்டறைத் தம்பி சொன்னார்: "எல்லாத்தையும் எட்டு மில்லிமீட்டருக்கு மாத்திடுவோம் சார். உங்களுக்குப் பிறகு இதை யார் கழட்டுவாங்க?" நியாயமான கேள்விதான். பத்து நாள் யோசித்தேன். 2021-இல் மத்திய அரசு, 50 வயது தாண்டிய வண்டிகளை அசல் வடிவம் மாறாமல் வைத்திருந்தால் விண்டேஜ் என்று பதிவு செய்யலாம் என விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்த விதியில் சேஸிஸ் உண்டு, எஞ்சின் உண்டு. போல்ட்டின் மரையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே முடிவு என் கையில்.

மட்கார்டு, நம்பர் பிளேட், சீட்டுக்கு மில்லிமீட்டர் போல்ட் போட்டுவிட்டேன். வழியில் நின்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும். எஞ்சினை மட்டும் விடவில்லை. தேய்ந்த துளைகளில் புஷ் அடித்து, பழைய 26 மரையையே திரும்ப வெட்டச் சொல்லிவிட்டேன். செலவு இரண்டு மடங்கு. பேரன் கழற்றுவானோ மாட்டானோ. கழற்ற வேண்டிய ஸ்பேனர் எது என்று சேஸிஸ் எண்ணோடு சேர்த்து ஒரு நோட்டில் படம் வரைந்து எழுதி வருகிறேன். இதுவரை நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ஸ்பேனர்கள் கிடந்தால், துருவைத் துடைத்து அளவுக்குப் பக்கத்தில் W என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள். 3/16 அளவு என்னிடம் இல்லை.