உதட்டைப் பிதுக்க ஒரு பிரெஞ்சுச் சொல்

"மூ"ன்னு ஒரு தடவை சத்தமா சொல்லிப் பாருங்க.

உதடு ரெண்டும் குவிஞ்சு முன்னாடி வந்துச்சா? அந்த முகத்துக்குப் பெயரே "மூ" தான். பிரெஞ்சுச் சொல். பிடிக்காத காயைத் தட்டில் வைத்தால் பிள்ளைங்க உதட்டைப் பிதுக்குமே, அதே! (நம்ம "மூஞ்சி"க்கும் இதுக்கும் உறவு கிடையாது, தேடாதீங்க.)

ஆங்கிலம் இந்தச் சொல்லை ரெண்டு தடவை கடன் வாங்கியிருக்கு. முதலில் 14ஆம் நூற்றாண்டு வாக்கில். அப்போது அதற்குப் பழிப்புக் காட்டுதல் என்று பொருள். நாளடைவில் அது வழக்கொழிந்து போக, 19ஆம் நூற்றாண்டில் அதே பிரெஞ்சு வீட்டுக் கதவை மறுபடி தட்டியது. இந்த முறை செல்லக் கோபத்துக்கு!

சொல்லைக் கடன் வாங்கலாம். முகபாவத்தை?

அதே 19ஆம் நூற்றாண்டில் இதைத் தேடியவர்கள் இரண்டு பேர்.

டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர், முகத் தசைகளை மின்சாரத்தால் ஒவ்வொன்றாக இயக்கி, புகைப்படங்களோடு 1862இல் நூல் வெளியிட்டார்.

இங்கிலாந்தில் டார்வின், பல நாடுகளில் இருந்தவர்களுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பினார். "குழந்தைகள் கோபித்துக்கொண்டால் உதட்டைப் பிதுக்குகிறார்களா?" என்பதும் அதில் ஒரு கேள்வி. உலகின் பெரும்பகுதியில் பிதுக்குகிறார்கள் என்று 1872இல் எழுதினார். டுஷென் எடுத்த படங்களையும் பயன்படுத்தினார். உதட்டை நீட்டிக் கோபிக்கும் ஒரு சிம்பன்சியின் படமும் அந்த நூலில் உண்டு!

ஆக, பெயர்தான் ஊருக்கு ஊர் வேறு. முகம் எல்லாருக்கும் பொதுச் சொத்து.

உள்ளே நடப்பது இதுதான்: வாயைச் சுற்றியுள்ள வளையத் தசை உதட்டைக் குவிக்கும். தாடைத் தசை கீழுதட்டை மேலே தள்ளும். அப்போது தாடையில் குழி குழியாக விழும், கண்ணாடியில் பாருங்க. இரண்டுக்கும் கட்டளை கொண்டு வருவது ஏழாவது மூளை நரம்பு, பக்கத்துக்கு ஒன்று.

ஒரு பக்க நரம்பு செயலிழந்தால் அந்தப் பக்கம் உதடு குவியாது. அதனால்தான் "விசில் அடிங்க, பல்லைக் காட்டுங்க" என்று நாங்கள் கேட்கிறோம். விளையாட்டுக்கு இல்லை.

யாருக்காவது திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், அது முகவாதமா பக்கவாதமா என்று வீட்டிலேயே முடிவு பண்ணாதீங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். "காலையில பார்த்துக்கலாம்" வேண்டாம். உடனே 108.

குழந்தை அடுத்த முறை உதட்டைப் பிதுக்கினால், ரெண்டு பக்கமும் சமமா வருதேன்னு சந்தோஷப்படுங்க. அப்புறம் அந்தக் காயை ஊட்டுங்க!