பூட் லோடர் எதற்காகப் பிறந்தது

க்ரப் போன்ற பூட் லோடர் எதுவும் இடையில் இல்லாமல் கணினியின் ஃபர்ம்வேரே லினக்ஸ் கர்னலை எழுப்புவதைப் பலர் அண்மைக்காலப் புதுமையாகக் கருதுகிறார்கள். வரலாறு அதற்கு நேர்மாறானது. 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01-இல் ஒரு சிறிய அசெம்பிளி நிரல் இருந்தது. அக்கால ஃபர்ம்வேரான பயாஸ், பிளாப்பியின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த 512 பைட்டும் கர்னலின் சொந்த உறுப்பு. அது தன்னை வேறிடத்துக்கு நகர்த்திக்கொண்டு, பிளாப்பியிலிருந்து மிச்சக் கர்னலைப் படித்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கும். கர்னல் கோப்பை அப்படியே பிளாப்பியில் எழுதினால் போதும், கணினி எழுந்துவிடும். ஆக, லினக்ஸ் பிறந்ததே பூட் லோடர் இல்லாமல்தான்.

பிறகு ஏன் பூட் லோடர் வந்தது? காரணம் ஒரு வறுமை. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. வட்டின் முதல் செக்டரை எடுத்து ஓட்டத்தான் தெரியும். ஹார்டு டிஸ்க்கில் அந்த 512 பைட்டிலும் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, அடையாளத்துக்கு 2 போக, நிரலுக்கு எஞ்சியது 446 பைட்தான். அதற்குள் ஒரு கோப்பு முறைமையைப் படிக்கும் அறிவை அடைக்க முடியாது. லிலோ என்ற பூட் லோடர் இதைச் சமாளித்த விதம் வேடிக்கையானதல்ல, வேதனையானது. கர்னல் வட்டில் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்று முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளும். கர்னலை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால் கணினி எழாது. பழைய பயாஸ்களால் 1024-ஆவது சிலிண்டருக்கு அப்பால் படிக்க முடியாததால், வட்டின் தொடக்கத்திலேயே கர்னலுக்கெனத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கும் வழக்கமும் வந்தது. குனு ஹர்டை எழுப்புவதற்காக எரிக் போலின் 1995-இல் தொடங்கிய க்ரப், படிப்படியாகத் தன்னை ஏற்றிக்கொண்டு, கோப்பு முறைமைகளைத் தானே படித்தது. பெரிய விடுதலைதான், ஆனால் கர்னலில் ஏற்கெனவே இருந்த அறிவு இரண்டாம் முறை எழுதப்பட்டது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் பழைய பிளாப்பி வழியும் அடைபட்டது. பூட் லோடரைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லும் செய்தி மட்டுமே அந்த செக்டரில் மிஞ்சியது.

வறுமை நீங்கியபின் வழி திரும்பத் திறந்தது. லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ரான் மின்னிச் 1999-இல் லினக்ஸ்பயாஸைத் தொடங்கினார். விசைப்பலகை முன் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று நம்பி எழுதப்பட்ட பயாஸ், வரிசை வரிசையாக அடுக்கிய கிளஸ்டர் கணினிகளுக்குப் பெரும் இடையூறாக இருந்தது. ஃபிளாஷ் சில்லிலேயே லினக்ஸை வைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அக்காலச் சில்லுகள் பெரும்பாலும் அதற்குப் போதவில்லை. அந்தத் திட்டம் 2008-இல் கோர்பூட் என்று பெயர் மாறியது. மறுபக்கம் இன்டெல் தன் இட்டானியம் சிப்புகளுக்காக உருவாக்கிய ஈஎஃப்ஐ, 2005-இல் அமைந்த யூஈஎஃப்ஐ மன்றத்தின் கைக்கு வந்து யூஈஎஃப்ஐ ஆனது. இந்த ஃபர்ம்வேருக்கு ஃபேட் பார்ட்டிஷனைப் படிக்கவும் அதிலுள்ள நிரலை ஓட்டவும் தெரியும். 2012 மார்ச்சில் வந்த லினக்ஸ் 3.3-இல் மேட் ஃபிளெமிங்கின் ஈஎஃப்ஐ ஸ்டப் சேர்ந்ததும், கர்னல் கோப்பையே ஃபர்ம்வேர் தன் செயலியாக ஏற்று ஓட்டியது. 446 பைட் நெருக்கடி அத்துடன் முடிந்தது.

பல கர்னல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பட்டியல் வேண்டாமா என்பார்கள். யூஈஎஃப்ஐ தனக்கென ஒரு பூட் பட்டியலை வைத்திருக்கிறது. சில மதர்போர்டுகள் அந்தப் பட்டியலையோ கர்னலுக்குத் தரும் அளவுருக்களையோ தொலைத்துவிடுகின்றன என்பது நியாயமான குறை; அளவுருக்களைக் கர்னலுக்குள்ளேயே பதித்துவிட முடியும். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்ப நினைப்பவருக்கு க்ரப் இன்னும் வசதிதான், அதை மறுக்கவில்லை. வலுவான எதிர்ப்பு வேறு: நாம் படித்துப் பார்க்க முடியாத மூடிய ஃபர்ம்வேரிடம் கூடுதல் பொறுப்பைக் கொடுக்கலாமா? ஆனால் யூஈஎஃப்ஐ கணினியில் க்ரப்பும் அதே ஃபர்ம்வேரின் மேல்தான் நிற்கிறது. க்ரப்பை அகற்றுவதால் நம்பவேண்டிய நிரல் கூடுவதில்லை, குறைகிறது. 2020 ஜூலையில் வெளிவந்த பூட்ஹோல் ஓட்டை இதற்குச் சான்று: க்ரப் தன் அமைப்புக் கோப்பைப் படிக்கும் முறையில் இருந்த பிழையால் செக்யூர் பூட் பாதுகாப்பையே தாண்ட முடிந்தது. மூடிய ஃபர்ம்வேர் பற்றிய கவலைக்கு மின்னிச்சின் பழைய எண்ணமே விடை. 2018-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் திட்டமான லினக்ஸ்பூட், சிப் தயாரிப்பாளரின் தொடக்க நிரலை விட்டுவிட்டு, யூஈஎஃப்ஐயின் பிற்பகுதியின் இடத்தில் ஒரு லினக்ஸ் கர்னலை வைக்கிறது. அந்தக் கர்னல் வட்டிலோ வலையிலோ உள்ள அடுத்த கர்னலைத் தேடி, கெக்செக் வழியாகத் தன் இடத்தில் அதை ஏற்றுகிறது.