வாசல் தேடி வந்த தாதி

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். பிழைப்பை நாடி வெளி மாகாணங்களில் குடியேறிய நமக்கு அத்தாய்வீடு எட்டாத் தொலைவில் அமைந்துவிடுகிறது. அந்நிலையில் பிள்ளை பெற்றவளுக்குத் துணை யார்? இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பிரிட்டனிலும் இக்கேள்வி எழுந்தது.

லண்டனின் கிழக்கே பெத்னல் கிரீன் என்ற தொழிலாளர் பகுதியில், மணமான பெண்கள் பலர் தாயின் வீட்டருகிலேயே குடியிருந்தனர். எசெக்ஸில் எழுந்த புதுக் குடியிருப்புகளுக்குக் குடும்பங்கள் பெயர்ந்தபோது, அன்றாடம் கிடைத்த அத்துணை அற்றுப்போயிற்று. மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் ஆகிய இருவரும் 1957-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இதனை விரிவாகக் கூறுகிறது.

ஆயினும் அத்தகைய வீட்டின் வாசலுக்கும் ஒருவர் வந்தார். அவர்தாம் 'ஹெல்த் விசிட்டர்' எனப்பட்ட சுகாதாரத் தாதி. 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதாரப் பணி தொடங்கியபோது, ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தின் வசமாயின. ஆனால் வீட்டுப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள், சுகாதாரத் தாதிகள், குழந்தை நல நிலையங்கள் ஆகியவை கவுண்டி சபைகளிடமும் பெரிய நகரசபைகளிடமும் விடப்பட்டன. 1950-களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிரசவங்கள் வீடுகளிலேயே நிகழ்ந்தமையால், இது சிறிய பொறுப்பன்று.

பிறந்த செய்தி தாதிக்கு எட்டியது எவ்வாறு? பிறப்பை 36 மணி நேரத்துக்குள் உள்ளூர்ச் சுகாதார அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும் என 1907-ல் ஒரு சட்டம் ஏற்பட்டு, 1915-ல் நாடெங்கும் கட்டாயமாயிற்று. ஆதலின், அழைப்பார் இல்லாத வீட்டுக்கும் அவர் சென்றார். நோய் தீர்ப்பது அவர் வேலையன்று. பாலூட்டல், தூய்மை, தடுப்பு ஊசி ஆகியவை பற்றித் தாய்க்கு யோசனை கூறுவதே அவர் கடமை. நல நிலையத்தில் குழந்தையை எடை பார்த்தனர். யுத்த காலத்தில் தொடங்கிய திட்டத்தின்படி பால்மாவும், ஆரஞ்சுச் சாறும், மீன் எண்ணெயும் அங்கே கிடைத்தன.

குறைகளும் இருந்தன. ஆஸ்பத்திரி, குடும்ப டாக்டர், உள்ளூர்ச் சபை என்னும் மூவரிடையே கர்ப்பிணிகள் அலைக்கழிய நேர்ந்தது. பிரசவப் பணிகளில் குழப்பம் நிலவுவதைக் கில்லெபாட் குழு 1956-ல் சுட்டிக்காட்டியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தவை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 150. அது 1948-ல் 34 ஆகவும், 1960-ல் 22 ஆகவும் தாழ்ந்தது. நல்ல உணவும், வீட்டு வசதியும், புதிய மருந்துகளும் இதற்குக் காரணம். தாதியர்க்கே முழுப் புகழையும் அளித்தல் பொருந்தாது. ஆயினும் அவ்வுதவிகள் இன்ன இடத்தில் உண்டு என்பதைப் பல தாய்மார் அறிந்தது அவர்கள் வாயிலாகத்தான்.

1974-ல் இப்பணிகள் உள்ளூர்ச் சபைகளிடமிருந்து தேசிய சுகாதாரப் பணிக்கு மாற்றப்பட்டன. உள்ளூர்ச் சுகாதார அதிகாரியின் பழைய பதவியும் மறைந்தது. 2015-ல் இங்கிலாந்தில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான தாதியர் பணியை ஏற்பாடு செய்யும் பொறுப்பு மீண்டும் உள்ளாட்சி மன்றங்களை அடைந்தது.

நிர்வாகம் கைமாறலாம். ஆனால் ஆஸ்பத்திரி, தன்னை நாடி வருவோரையே அறியும்; வர இயலாதவளை அறிய வேண்டுமாயின், ஒருவர் அவள் கதவைத் தட்டியாக வேண்டும். உற்றார் அருகில் இல்லாத ஊர்களில் வாழும் நாம் இதனை எளிதில் உணர்வோம்.