பெரும்பள்ளிக்கு ஒரு கல்விச் சுற்றுலா

மாவடிப்பள்ளி என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘பள்ளி’ என்ற சொல் நோக்கத்தக்கது. சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைப் பண்டு குறித்த அச்சொல், கல்விக்கூடத்தையும் முஸ்லிம்களின் தொழுகையிடத்தையும் பின்னர்க் குறிக்கலாயிற்று.

இவ்வூர் மாணவர் கல்விச் சுற்றுலாவிற் காணவேண்டிய பழம்பள்ளியொன்று திருகோணமலைக்கு வடமேற்கே உளது. வெல்கம் விகாரை எனப்படும் அப்பௌத்தப் பள்ளி, 11ஆம் நூற்றாண்டிற் சோழராட்சியில் ‘இராசராசப் பெரும்பள்ளி’ எனப் பெயர் பெற்றது. அநுராதபுரத்தைச் சூறையாடிய அதே பேரரசின் காலத்தில் இப்பள்ளி பேணப்பட்டது. விளக்கெரிப்பதற்கும் பிறவற்றுக்கும் பசுக்களும் காசும் வழங்கப்பட்டமையை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன.

படையெடுப்புகளையே எண்ணிச் செல்லும் அரச வரலாறு இக்கொடையாளரை மறந்துவிடுகிறது. தமிழர் யாவரும் சைவர், பௌத்தர் யாவரும் சிங்களவர் என்னும் பிற்காலக் கருத்தை அக்கற்கள் மறுக்கின்றன. எனவே, தமிழ் பேசும் முஸ்லிம் மாணவர் அங்கு காண்பது அயலார் வரலாறு அன்று. ஒரு மொழி ஒரு சமயத்தின் தனியுடைமையன்று என்பதற்குத் தாமே இன்று சான்றாவதுபோல, அன்று சான்றாய் வாழ்ந்தவர்களையே அவர்கள் காண்பர். நிழற்படம் எடுத்து மீள்வதிலன்று, ஆசிரியர் துணையுடன் அவ்வெழுத்துகளைக் கூட்டி வாசிக்க முயல்வதிலேயே இச்சுற்றுலாவின் பயன் தங்கியுள்ளது.