ஒரே மேசையில் ஜாவா மனிதனும் பீக்கிங் மனிதனும்

ஆய்வாளர் இருவர் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள இன்று ஒரு மின்னஞ்சல் போதும். 1939ஆம் ஆண்டில் அப்படியல்ல. எலும்புகளைக் கையோடு எடுத்துக்கொண்டு நாடு கடக்க வேண்டும்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் ஜாவாவிலிருந்து பீக்கிங் சென்றார் ரால்ஃப் வான் கோனிக்ஸ்வால்ட். வயது 36. அவரை வரவேற்றவர் ஃபிரான்ஸ் வைடன்ரைக். வயது 65. யூதர் என்பதால் தாய்நாடான ஜெர்மனியில் வேலை செய்ய முடியாமல் போன மானுடவியல் அறிஞர் அவர். முந்திய ஆண்டே ஜாவாவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இது மறுபயணம்.

என்ன அப்படி அவசரம்? 1891இல் ஜாவாவின் டிரினில் என்ற ஊரில் யூஜின் டூபுவா ஒரு மண்டையோட்டின் மேற்பகுதியைக் கண்டெடுத்தார். அது மனிதனா, குரங்கா என்ற சண்டை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓயவில்லை. பீக்கிங் அருகே கிடைத்த ஆதிமனிதனும் தன்னுடைய ஜாவா மனிதனும் உறவு என்பதை டூபுவாவே ஏற்கவில்லை.

அந்தச் சண்டையைத் தீர்க்க இன்னொரு மண்டையோடு தேவைப்பட்டது. 1937இல் சங்கிரானில் கோனிக்ஸ்வால்டுக்கு அது கிடைத்தது, துண்டு துண்டாக! துண்டுக்கு 10 சென் தருவதாக அவர் சொல்லப்போய், கிராமத்தார் பெரிய துண்டுகளையும் உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். கெட்டிக்காரர்கள்தான்! நொந்துகொண்டே ஒட்டினார் மனிதர்.

அந்த எலும்புகள்தாம் பீக்கிங் எலும்புகளின் பக்கத்தில் வைக்கப்பட்டன. அப்போது அந்நகரம் ஜப்பானியர் பிடியில் இருந்தது. இன்றைய மனித இனங்களுக்குள் எவ்வளவு வேற்றுமையோ, ஏறக்குறைய அவ்வளவே இவ்விரண்டுக்கும் இடையில் என்று இருவரும் சேர்ந்து 1939இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். 1950க்குப் பிறகு இரண்டும் ஹோமோ எரெக்டஸ் என்ற ஒரே பெயருக்குள் வந்தன.

1941இல் வைடன்ரைக் அச்சுவார்ப்புகளுடன் நியூயார்க் போனார். அவ்வாண்டு டிசம்பரில், அமெரிக்காவுக்கு அனுப்பப் பெட்டியில் அடைத்த பீக்கிங் எலும்புகள் போர்க் குழப்பத்தில் மறைந்தன. இன்றுவரை கிடைக்கவில்லை.

ஜாவாவிலும் ஜப்பானியர் நுழைந்தனர். கோனிக்ஸ்வால்ட் முகாமில் அடைக்கப்பட்டார். அவருடைய எலும்புகள் மட்டும் ஒளித்துவைக்கப்பட்டுத் தப்பின. சோலோ ஆற்றங்கரையில் கிடைத்த ஒரு மண்டையோடு ஜப்பானியப் பேரரசருக்குப் பரிசாகப் போய், போருக்குப் பின் மீட்கப்பட்டது.

1946இல் நியூயார்க்கில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். இம்முறை ஜாவாவிலிருந்து வந்தவை அசல் எலும்புகள். பீக்கிங் மனிதனுக்குப் பதிலாக இருந்தவை வைடன்ரைக் கொண்டுபோன அச்சுவார்ப்புகள்.